புள்ளி நாலு வினாடிப் பொறுமை

மின்சாரம் நின்றுபோவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கண்ட நேரத்தில் கண்டபடி நின்றுபோனால் அது ஒழுங்கீனம். எங்கள் ஆவணப் பராமரிப்பு இயக்ககத்தில் ஒழுங்கீனத்துக்கு இடம் கிடையாது. மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு, நான்கு தளக் கட்டடம்.

ஆகவே முப்பது வருடப் பழைய பிரேக்கர்களைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஐந்து வந்தன. தளத்துக்கு ஒன்றாக நான்கு. அவற்றுக்கு மேலே, கட்டடம் முழுவதற்கும் பெரியது ஒன்று. ஒவ்வொன்றின் நெற்றியிலும் டிரிப் யூனிட் என்று ஒரு சின்ன மின்னணுப் பெட்டி. எவ்வளவு கரன்ட் வரை பொறுப்பது, எவ்வளவு நேரம் பொறுப்பது, எப்போது பொத்தென்று விழுந்து மின்சாரத்தை நிறுத்துவது என்று பிரேக்கருக்குச் சொல்லும் மூளை அதுதான். மூளையில் டயல்கள் இருந்தன. டயல்களை யாரும் தொடுவதற்கு முன்பே இயக்குநர் ரிப்பனை வெட்டிவிட்டார்.

மறுநாள் காலை பத்தேகாலுக்கு எல்லோரும் ஏசியைப் போட்டார்கள். பத்தரைக்குக் கட்டடம் இருண்டது. மறுபடி போட்டோம், மறுபடி இருண்டது.

நான் கட்டடப் பிரிவு மேற்பார்வையாளன். எனக்கு மேலே பலர், கீழே ஒரே ஒருவன். சட்டைப்பையில் டெஸ்டர் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை என்பதால் அவன் பெயரே டெஸ்டர். பதினோரு வருடமாகத் தற்காலிக எலெக்ட்ரீஷியன். அவனை நிரந்தரமாக்கும் கோப்பு அந்த மாதம்தான் இயக்குநர் அறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"வீட்டுல மச்சினனே என்னைத் தற்காலிக மாமான்னுதான் சார் கூப்பிடறான்," என்பான். "இந்த மாசம் அவன் வாயை அடைக்கணும்."

இரண்டு நாள் ஒவ்வொரு தளமாக ஏறி இறங்கி, எங்கே எவ்வளவு கரன்ட் ஓடுகிறது, எந்த வயர் என்ன கனம் என்று அளந்து ஒரு தாளில் எழுதினான். இருவரும் இயக்குநரிடம் போனோம்.

"கம்பெனியில எல்லா டயலையும் ஆகக் குறைச்சலா வச்சுத்தான் சார் அனுப்புவாங்க. நாமதான் நம்ம லோடு பார்த்து செட் பண்ணணும். ஒரு தளத்துல கோளாறுன்னா அந்தத் தளத்து பிரேக்கர் முதல்ல விழும். மேல இருக்கிற பெரிசு கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும். கீழ இருக்கிறது விழுந்துட்டா, பெரிசு விழ வேண்டியதில்ல."

"கீழே இருக்கிறது விழலன்னா?"

"அடுத்தது அதுக்கு மேல இருக்கிறதுதான் சார்."

இயக்குநர் முகம் மலர்ந்தது. "கோளாறு வந்தா கீழே இருக்கிறவன் விழுவான், மேலே இருக்கிறவன் பொறுமையா இருப்பான். இதை மெஷினுக்குள்ளயே வச்சிருக்கானா? நிர்வாகம் தெரிஞ்சவன்யா!" பிறகு, ஒவ்வொரு பிரேக்கரும் தன் முழு அளவில் எத்தனை பங்கு கரன்ட் வரை பொறுக்கலாம் என்று டெஸ்டர் எழுதியிருந்த தாளைப் பார்த்தார். மலர்ந்தது வாடியது. "கீழ்த்தளத்துக்கு 0.9. என் தளத்துக்கு 0.6. இது என்ன கணக்கு?"

"கீழ ஜெராக்ஸ் மெஷினெல்லாம் இருக்கு சார். உங்க தளத்துல வேலை கம்மி..." டெஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டான். "லோடு கம்மி சார்."

இயக்குநர் தளத்து டயல் அன்றைக்கே 1.0 ஆனது. செய்தி படியிறங்கிப் பரவியது. தனக்கு 1.0 கிடையாதென்றால் மருத்துவ விடுப்பில் போவதாக இரண்டாம் தளத்து இணை இயக்குநர் எழுதிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் எல்லாத் தளமும் 1.0. அதன் பிறகு மதிய இடைவேளையில் மின்சார அறைக்குப் போய்த் தம் தளத்து டயலைப் பார்த்துவிட்டு வருவது நாகரிகமாகிவிட்டது. ஒருவர் மாமனாரையே கூட்டிவந்து காட்டினார். மாமனாருக்கு அப்போதுதான் மாப்பிள்ளை மேல் மரியாதை பிறந்ததாம்.

அடுத்த வாரம் இரண்டாம் தளத்தில் ஒரு கெட்டிலின் வயர் அறுந்து ஒட்டிக்கொள்ள, அந்தத் தளத்து பிரேக்கர் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முன் அனுமதி இல்லாமல் விழுந்துவிட்டது. 'மேலிட ஒப்புதலின்றிப் பணியிலிருந்து விலகியமைக்கு விளக்கம் தருக' என்று பிரேக்கருக்குக் குறிப்பாணை தயாராகி, அதன் மேலேயே ஒட்டப்பட்டது. ஏழு நாளாகியும் பதில் இல்லாததால் இயக்குநர் நேரில் வந்தார்.

"இனிமே அனுமதி வாங்கிட்டு விழச் சொல்லு."

"அதுக்கு நேரம் இருக்காது சார்."

"நேரத்தைக் கொடு. அதுக்கு எந்த டயல்?"

"இது சார். ஆக அதிகம் புள்ளி நாலு."

"புள்ளி நாலு நாளா?"

"வினாடி சார்."

"ஏழு வேலை நாள் வைக்க முடியாதா?"

"வயர் அவ்வளவு நாள் காத்திருக்காது சார்."

"ஏன், நீ பதினோரு வருஷம் காத்திருக்கலையா?"

டெஸ்டர் டயலைப் புள்ளி நாலில் வைத்தான். இயக்குநர் பக்கத்து டயலைக் காட்டி அது என்ன என்றார்.

"பெரிய ஷார்ட் வந்தா உடனடியா விழறதுக்கு சார்."

"உடனடியா?" அவர் என்னைப் பார்த்தார். நானும் அதிர்ச்சியடைந்தது போல் முகத்தை வைத்துக்கொண்டேன். "அந்தச் சொல்லே நம்ம நடைமுறைக்கு விரோதமாச்சே. அதை ஆஃப் பண்ணு."

பண்ணினான். எதை எங்கே வைத்தோம் என்ற தாளில் கையெழுத்துப் போட்டு, கீழே ஒரு வரி சேர்த்தான்: 'இப்படி வைப்பது ஆபத்து. வாய்மொழி உத்தரவின்படி வைத்தேன்.'

"டெஸ்டரு," என்றேன், "உன் கோப்பு மேல இருக்கு. இந்த வரி இப்ப எதுக்கு?"

அவன் அந்த வரி இல்லாமல் வேறு தாள் எழுதிக் கையெழுத்திட்டான். பழைய தாளை நான் என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். எதற்கென்று கேட்காதீர்கள். நான் நல்லவன் என்பதற்கு ஓர் ஆவணம் வேண்டியிருந்தது.

அந்த மாதக் கடைசியில் 'உடனடிச் சேவை மாதம்' கொண்டாட மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. 'உடனடி' என்று மின்னும் எழுத்துப் பலகை ஒன்று இயக்குநர் அறையில், கோப்பு பீரோவின் தலைமேல் மாட்டப்பட்டது. அந்த அறைக்கென்று இருந்த சின்ன பிரேக்கர் வழியாக இணைத்தபோதெல்லாம் பிரேக்கர் விழுந்துகொண்டே இருந்ததால், ஒத்துழைக்க மறுக்கிறது என்று அதை ஒதுக்கிவிட்டு, அலங்காரக்காரர்கள் நூல் கனத்து வயரில் நேரே தளத்துப் பெட்டியிலிருந்து இணைப்பு கொடுத்துவிட்டார்கள்.

விழாவில் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தபோது 'உடனடி'யில் 'உ' அணைந்தது. பிறகு வயர் சிவந்தது. அந்த வயருக்கு அது உயிர் போகிற கரன்ட், 1.0-இல் வைத்த பிரேக்கருக்கோ அது காலை டிபன்கூட இல்லை. அது பொறுமையாக இருந்தது. புகை வந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மின்சாரத்தை நிறுத்த எழுத்து மூலம் உத்தரவு வேண்டும் என்று இணை இயக்குநர் சொன்னார், எழுதத் தாள் தேடினார்.

டெஸ்டர் மட்டும் படிகளில் உருண்டு விழாத குறையாக இறங்கி ஓடினான். பெரிய பிரேக்கரைக் கையால் நிறுத்தினான். திரும்பி ஓடிவந்து தீயை அணைத்தான். அதில் அவன் கை கொப்பளித்தது. வேறு யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. பீரோ மட்டும் உள்ளிருந்த கோப்புகளோடு எரிந்துபோனது. இயக்ககத்தில் நிலுவைக் கோப்பே இல்லை என்று அறிக்கை போய், பாராட்டுக் கடிதமும் வந்தது. அப்படி முடிவுக்கு வந்த கோப்புகளில் டெஸ்டருடையதும் ஒன்று.

விசாரணை நடந்தது. இயக்குநர், இணை இயக்குநர், நான், கையில் கட்டோடு டெஸ்டர். வெளியிலிருந்து வந்த விசாரணை அதிகாரி ஒரே கேள்விதான் கேட்டார்: "டயலையெல்லாம் இப்படி வைக்கச் சொன்னது யார்?"

இயக்குநர் இணை இயக்குநரைப் பார்த்தார். இணை இயக்குநர் என்னைப் பார்த்தார். 'ஆபத்து' என்று எழுதிய அந்தப் பழைய தாள் என் சட்டைப்பையில் இருந்தது. காலையில் கிளம்பும்போது தைரியமாகத்தான் எடுத்து வைத்தேன். டெஸ்டரும் என்னைப் பார்த்தான். நான் கொஞ்சம் பொறுத்தேன். புள்ளி நாலு வினாடிக்கு மேல் இருக்காது.

"கையெழுத்து என்னுதுதான் சார்," என்றான் அவன்.

தவறான அமைப்பு ஒரு குற்றம், அனுமதியின்றி மின்சாரத்தை நிறுத்தியது இன்னொன்று. தற்காலிக ஆள் என்பதால் வீட்டுக்கு அனுப்ப ஒரு நாள் போதுமாயிருந்தது. எங்கள் இயக்ககத்தில் உடனடியாக நடந்த ஒரே காரியம் அதுதான்.

போகும்போது சாவிக்கொத்தை என் மேசையில் வைத்தான். அவன் திட்டியிருந்தால் தேவலை.

"பார்த்து இருங்க சார்," என்றான். "கீழ இருந்தது விழுந்தாச்சு."

எனக்கு அப்போது விளங்கவில்லை. நேற்றுதான் விளங்கியது. டெஸ்டரின் பணியிடத்தை ரத்து செய்துவிட்டார்கள். கருகிய பலகைக்குப் பதிலாக முன்னதைவிடப் பெரிதாக ஒன்று வந்திருக்கிறது. புது அமைப்புத் தாளும் தட்டச்சாகி வந்திருக்கிறது: எல்லாத் தளமும் 1.0, உடனடி ஆஃப். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என் பதவியின் பெயர்.

'இது ஆபத்து' என்று கீழே ஒரு வரி எழுதலாமா என்று பேனாவை எடுத்தேன். இணை இயக்குநர் தோளில் கை வைத்தார். "உங்க பதவி உயர்வுக் கோப்பு மேல இருக்கு இல்ல? இந்த வரி இப்ப எதுக்கு?"

நிமிர்ந்து பார்த்தேன். மேலே எல்லோரும் பொறுமையாக இருந்தார்கள்.