பதினெட்டு டிகிரி வீடு

திங்கட்கிழமை காலை தெர்மாமீட்டர் பதினான்கைக் காட்டியது. தரணிதரன் அதை உதறினான். உள்ளங்கையில் தட்டினான். சட்டை நுனியால் துடைத்து மறுபடியும் ஆணியில் மாட்டினான். பதின்மூன்றரை.

"தொடைக்கத் தொடைக்க எறங்குதுங்க. விட்டுருங்க," என்றாள் அவன் மனைவி ஷண்முகப்ரியா. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் அவனுடைய மழைக்கோட்டையும் மாட்டியிருந்தாள்.

"நேத்து வரைக்கும் பதினெட்டு இருந்துச்சில்ல?"

"இருந்துச்சுங்க. வெள்ளிக்கிழமை எங்கப்பா வர்றப்ப இருக்குமான்னுதான் கேக்கறேன்."

அவன் தெர்மாமீட்டரை மறுபடியும் கழற்றி உதறினான்.

தரணிதரன் கீழ் கோத்தகிரியில் ஒரு தேயிலை ஃபேக்டரியின் கிளார்க். அது தேயிலை விலை பாதாளத்துக்குப் போயிருந்த வருடம். ஃபேக்டரி வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடியது. சம்பளமும் அதே அளவுக்குத்தான் நடந்து வந்தது. கார்த்திகை பிறந்ததும் அவன் செய்த முதல் காரியம், ரூம் ஹீட்டரைத் தூக்கிப் பரண்மேல் போட்டதுதான்.

கோயமுத்தூரிலிருந்து மாமனார் பாலசுப்பிரமணியம் போன் செய்தார். "ரெண்டு வயசுக் கொழந்தைய வச்சுட்டு அந்தக் குளிர்ல என்னத்துக்கு மாப்ள கஷ்டப்படோணும்? பங்குனி பொறக்கற வரைக்கும் அம்மணியையும் பாப்பாவையும் இங்க அனுப்பிருங்க."

தரணிதரனுக்குச் சுருக்கென்றது. "நேர்ல வந்து பாருங்க மாமா. ஹீட்டர் இல்லாமயே எங்க ஊடு உங்க கோயமுத்தூராட்டம் இருக்குதுங்க. இல்லீன்னா அன்னைக்கே நீங்களே கூட்டிட்டுப் போங்க," என்றான்.

வெறும் வாய்ப்பந்தல் இல்லை அது. ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் என்பது ஒரே கூரையின் கீழ் இரண்டு இரண்டு வீடாக ஒட்டிக் கட்டியது. அவனுடைய பாதியில் ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் சாக்குத் துணியைத் திணித்திருந்தான். கூரைக்கு அடியில் இருந்த பலகைத் தளத்தின் மேலே மூன்று மூட்டை மரத்தூளைப் பரப்பியிருந்தான். முதல் உறைபனி விழுந்து வெளியே புல்லெல்லாம் உப்புத் தூவியது போல வெளுத்துக் கிடந்த காலையில், உள்ளே பதினெட்டு டிகிரி! ஃபேக்டரியிலிருந்து இரவல் வாங்கிய தெர்மாமீட்டரே சாட்சி.

மேனேஜர் வந்து பார்த்தார். அறைக்குள் நின்று மஃப்ளரைக் கழற்றினார். "தரணி, இதைப் பத்தி நீ எல்லார் முன்னாடியும் பேசணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃபேக்டரி முற்றத்தில் கூட்டம். தரணிதரன் முக்கால் மணி நேரம் பேசினான். சாக்கில் ஆரம்பித்து மரத்தூளுக்குப் போய், அங்கிருந்து நாட்டுக்குப் போய்விட்டான். "நீங்க வீணாக்கற ஒவ்வொரு யூனிட்டும், எங்கியோ ஒரு குடிசையில படிக்கற கொழந்தையோட வெளக்கு!" என்று அவன் முழங்கியபோது கூட்டத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் கருப்புசாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேனேஜர் பொன்னாடை போர்த்தினார். தரணிதரன் பொன்னாடையோடுதான் வீட்டுக்கு நடந்தான், அதுவும் சுற்று வழியாக.

மறுநாள் பதின்மூன்றரை.

"பனி ஜாஸ்தியாயிருச்சு. அவ்வளவுதான்," என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, ஜன்னல் கண்ணாடிகள் மேல் மூன்று அடுக்கு நியூஸ்பேப்பர் ஒட்டினான். குளிர் உள்ளே வந்ததோ இல்லையோ, வெளிச்சம் வரவில்லை. காலை எட்டு மணியிலிருந்து ட்யூப்லைட் எரிந்தது.

"சிக்கனத்துக்குக் கரண்ட் செலவாகுதுங்க," என்றாள் ஷண்முகப்ரியா.

செவ்வாய்க்கிழமை பலகை மேல் இன்னும் இரண்டு மூட்டை மரத்தூள் ஏற்றினான். பாரம் தாங்காமல் பலகை இடுக்கு விட்டது. ரசச் சட்டியில் மரத்தூள் விழுந்தது. குழந்தை சுவாதி பதினேழு தும்மல் போட்டாள். தூசியை வெளியேற்றக் கதவையெல்லாம் ஒரு மணி நேரம் திறந்து வைக்க வேண்டியதாயிற்று. பதினொன்று.

புதன்கிழமை, வீட்டில் இருந்த இரண்டு கனத்த கம்பளிகளையும் வாசல் கதவில் வைத்து ஆணி அடித்தான்.

"இனி நாம எதைப் போத்திக்கறதுங்க?"

"கதவு வழியாத்தான் குளிர் வருது, ப்ரியா."

"கதவுக்குக் குளிராதுங்க. நமக்குத்தான் குளிரும்."

வியாழக்கிழமை, மிஞ்சியிருந்த ஒரே ஒரு ஜன்னல் ஓட்டையைத் தேடிக் கண்டுபிடித்து, பொன்னாடையைச் சுருட்டி அதில் திணித்தான். சரிகை பளபளவென்று வெளியே தொங்கியது. தெர்மாமீட்டர் ஒன்பதில் நின்றது.

"பரண்ல இருக்கறத எடுத்துரலாமுங்களா?" ஷண்முகப்ரியா மெதுவாகக் கேட்டாள்.

"முந்நூறு பேர் முன்னாடி பேசியிருக்கேன்," என்றான். பல் தந்தியடித்ததில் 'முந்நூறு' மூன்று தடவை வந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மாமனார் வந்து கதவைத் தட்டினார். கம்பளியும் ஆணியுமாக இறுகிக்கிடந்த கதவு அசையவில்லை. உள்ளேயிருந்து மாப்பிள்ளை இழுத்தான். வெளியேயிருந்து மாமனார் தள்ளினார். கடைசியில் வீட்டைச் சுற்றிக்கொண்டு சமையலறை வழியாக நுழைந்து, இருட்டில் தடவி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மாப்ள," என்றார். "பேசுனா வாயில பொக வருது. நான் பீடிகூடக் குடிக்கறதில்லீங்களே."

"இப்பத்தானுங்க வந்திருக்கீங்க, மாமா. போகப் போகச் சூடாயிருமுங்க."

பத்து நிமிடம் போனது. மாமனாரின் மூக்கு நுனி சிவந்தது. எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே வெளியேறினார். சற்று நேரத்தில் குரல் வந்தது. "அல்லாரும் இங்க வாங்க மாப்ள! வெளியில நல்லாக் கதகதன்னு இருக்குது!"

உண்மைதான். கொல்லையில் வெயில் பொன்னாக விழுந்திருந்தது. ஐந்து நாளாக அதைத்தான் நியூஸ்பேப்பர் ஒட்டி வெளியே நிறுத்தியிருந்தான் தரணிதரன். நால்வரும் வெயிலில் உட்கார்ந்தார்கள். குழந்தை கைகளை நீட்டிச் சிரித்தாள்.

"அம்மணி, துணிமணி எடுத்து வையி. ரெண்டரை மணி பஸ்ஸுக்குப் போலாம்," என்றார் மாமனார்.

தரணிதரன் தலையைக் குனிந்துகொண்டான். சொன்ன சொல் சொன்னதுதான்.

ஷண்முகப்ரியா எழுந்திருக்கவில்லை.

"நான் வரலீங்கப்பா."

"என்ன கண்ணு சொல்ற? ஊட்டுக்குள்ள ஐஸ் வெக்கலாமாட்ட இருக்குது!"

"இருக்கட்டுங்க. வெயில் இருக்கற வரைக்கும் பாப்பாவ இங்க வச்சுக்கறேன். பேப்பரைக் கிழிச்சுப் போட்டா ஊட்டுக்குள்ளயும் வெயில் வரும். கம்பளிய எறக்குனா போத்திக்கலாம்." அவள் கணவனைப் பார்த்தாள். "இவர் அன்னைக்குப் பேசுனத நீங்க கேக்கலீங்கப்பா. சம்பளம் பாதியாப் போயி அல்லாரும் தல தொங்கப் போட்டுட்டு இருந்தாங்க. இவர் பேசப் பேச ஒவ்வொருத்தரா நிமிந்து உக்காந்தாங்க. இந்த மனுசன் சொல்லித்தான் இந்தக் குவார்ட்டர்ஸே திருந்தியிருக்குது. இவரை விட்டுப் போட்டு அங்க வந்து நான் ஃபேனுக்கடியில உக்காருறதுங்களா?"

மாமனார் மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் இதுவரை இல்லாத ஒரு மரியாதை இருந்தது. தரணிதரனுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. உடம்பெல்லாம் சூடு பரவியது. தெர்மாமீட்டர் வைத்திருந்தால் பதினெட்டைத் தாண்டியிருக்கும்.

"ஏதோ... என்னால முடிஞ்சதுங்க, மாமா," என்றான்.

அப்போது வேலி ஓரமாகக் கருப்புசாமியின் மனைவி வேலாமணி வந்து நின்றாள். காதை மூடிச் சேலையைப் போர்த்தியிருந்தாள். மாமனாரைப் பார்த்ததும் கும்பிட்டாள்.

"அண்ணனோட மாமனாருங்களா? உங்க மருமவன் எங்களுக்குச் சாமி மாதிரிங்க. உங்க முன்னாடியே சொல்லிரோணும்னுதான் வந்தேன்," என்றவள், தரணிதரன் பக்கம் திரும்பிக் கண் கலங்கினாள்.

"நீங்க பேசுன அன்னைக்கே எங்க ஊட்டுக்காரரு மனசு மாறிட்டாருங்கண்ணா, லைன்ல கொக்கி போட்டு, உங்க ஊட்டுச் சுவத்தோரமா ராவும் பகலும் எரிச்சுட்டிருந்தமே ரெண்டு ஹீட்டரு, அதை அன்னைக்கே அணைச்சுப் போட்டோமுங்க!"