ஐம்பது புழு, உயிரோடு

“ஐம்பது வேணும் டேடி. உயிரோட” என்றாள் ஆனி.

சவரிராஜ் வாயருகே கொண்டுபோன ரொட்டியைத் தட்டில் வைத்தார். மகள் கேட்டது கொசுப்புழு. கேட்ட இடம் காலைச் சாப்பாட்டு மேசை. கேட்கப்பட்டவர் கொசு ஒழிப்பு இன்ஸ்பெக்டர்.

“வேற எதுவும் பண்ணக்கூடாதா? எரிமலை, பேட்டரி, அந்த மாதிரி?”

“சயன்ஸ் கண்காட்சிக்கு, நேஷனல் லெவலுக்குப் பேரு கொடுத்தாச்சு. ‘சமையலறைப் பொருளால் கொசுப்புழு சாகுமா?’ ஸ்கூல்ல படம் வரைஞ்சே ஃபர்ஸ்ட் வந்துட்டேன். அங்க நிஜப் புழு வேணுமாம். யாரு கொண்டுவருவாங்கன்னு டீச்சர் கேட்டாங்க. மை ஃபாதர் இஸ் இன் மஸ்கிட்டோஸ்னு சொன்னேன். கிளாஸே கை தட்டுச்சு.”

உயர்நிலை இரண்டில் படிக்கும் பிள்ளைக்குத் தகப்பன் மேல் இருந்த நம்பிக்கையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சவரிராஜின் பிழைப்பே கொசு இல்லாமல் இருப்பதில்தான் இருந்தது. எண்பத்தாறாம் ஆண்டு அது. புக்கிட் பாஞ்சாங்கில் பதினெட்டு அடுக்குமாடி புளோக்குகள் அவர் பொறுப்பில். அந்தப் பதினெட்டு புளோக்குகளில் கடைசியாகக் கடித்த கொசுவை அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும் என்று பேச்சு. வாராந்தர அறிக்கையில் ‘புழு காணப்பட்ட இடங்கள்’ என்ற கட்டத்தில் அவர் பூஜ்யம் போடுவார். சும்மா போடமாட்டார், காம்பஸ் வைத்ததுபோல் அழகாகப் போடுவார். இதுவரை நாற்பத்தாறு வாரம், நாற்பத்தாறு பூஜ்யம்.

ஜாலான் புசார் வட்டாரத்தைப் பார்க்கும் அப்துல் அலீம் வாரம் ஏழு, எட்டு என்று எழுதுவார். “பாய் தங்கமான மனுஷன். ஏரியாவைத்தான் வச்சுக்கத் தெரியலை” என்று சவரிராஜ் மனைவியிடம் வருத்தப்படுவதுண்டு.

இலாகாவில் சீனியர் இன்ஸ்பெக்டர் நாற்காலி இரண்டு மாதமாகக் காலி. கண்காட்சி முடிந்த திங்கட்கிழமை காலை அறைக்கு வரும்படி மேலதிகாரி மருதப்பன் சவரிராஜிடம் சொல்லியிருந்தார். “உன் ரிப்போர்ட்டைப் பத்திப் பேசணும் சவரி.” மேற்கொண்டு அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? சவரிராஜ் அன்று மாலையே தையற்கடைக்குப் போய்ப் புதுச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டார்.

“ஐம்பதுதானே? பத்து நாள் இருக்கு. டேடி பார்த்துக்கிறேன்” என்று எழுந்தார்.

முதலில் தன் வட்டாரத்தைத்தான் நம்பினார். மூன்றாம் மாடிப் பூவம்மா கதவைத் திறந்ததுமே முகம் சுளித்தார்.

“என்ன சார், நேத்துதானே டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுப் போனீங்க?”

“இன்னொரு தடவை பார்க்கலாம்னு.”

“ஒன்னும் இல்லை லா.”

“நல்லா யோசிங்கம்மா. பூச்சாடித் தட்டுல, வாளியில... ஒன்னு ரெண்டாச்சும் இருக்குமே?”

“ஐயோ, சத்தியமா இல்லை சார்!”

“இருந்தா சொல்லுங்க. ஃபைன் போடமாட்டேன்.”

ஃபைன் போடமாட்டேன் என்று ஒரு இன்ஸ்பெக்டர் வாயால் பூவம்மா கேட்டதே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார். அரை மணி நேரத்தில் சேதி புளோக் புளோக்காகப் பரவிவிட்டது. புதுமாதிரி சோதனை வந்திருக்கிறது, சிரித்துக்கொண்டே கேட்பார்கள், ஆமாம் என்று சொன்னால் நேரே கோர்ட்டு. பதினெட்டு புளோக்கும் தேய்த்துக் கழுவப்பட்டன. மீன் தொட்டிகளில் மீன் நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் வைத்தார்கள். ஐந்தாம் மாடிப் பெரியவர் ஒருவர் ஆவி பறக்கும் தேநீரை ஒரே மடக்கில் விழுங்கிக் கோப்பையைக் கவிழ்த்துவிட்டு, நாக்கு வெந்து இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

முன்பு ஒரு புழு இருந்திருக்கலாம். இப்போது அந்த ஒன்றும் இல்லை. சவரிராஜுக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. கவலையில் அடைக்கவும் செய்தது.

சரி, வீட்டிலேயே வளர்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். ஜன்னலோரம், குளியலறை, சமையலறை என்று ஆறு பாத்திரங்களில் தண்ணீர் ஊற்றி வைத்தார்.

அவர் மனைவி பிரிஜட் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். “தண்ணி தேங்கக்கூடாதுன்னு ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டிட்டு வீட்டுல ஆறு சட்டியில தேக்கி வச்சிருக்கீங்களே, வெட்கமா இல்லையா?”

“கல்விக்காக பிரிஜட்.”

“எவனாவது பார்த்தா?”

அதுதான் சங்கடம். வாசல் மணி அடித்தால் போதும், சவரிராஜ் ஓடிப்போய் ஆறையும் கவிழ்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார். ஒரு நாள் பழைய பேப்பர்காரர். ஒரு நாள் தபால்காரர். ஒரு நாள் கோவில் பஜாருக்குச் சீட்டு விற்க வந்த லாசரஸ் அண்ணன். எட்டு நாளில் பதினொரு முறை மணி அடித்தது. எந்தக் கொசுவுக்கும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க அவகாசம் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பிரிஜட்டின் அலறல் கேட்டது. மணி அடித்ததாக நினைத்து அவர் பழக்கதோஷத்தில் இரண்டு பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டார்.

கூடத்துப் பீடத்தில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி ஜாடி ஒன்று உண்டு. ஈஸ்டருக்குக் கோவிலிலிருந்து கொண்டுவந்த மந்திரித்த தீர்த்தம் அதில் இருந்தது. அதை மூடியிருந்த தட்டைத்தான் சவரிராஜ் ஐந்தாவது பாத்திரமாக எடுத்துப் போயிருந்தார். திறந்து கிடந்த தீர்த்தத்தை யாரும் கவிழ்க்கவில்லை. அதற்குள் இப்போது கரிய நூல் துண்டுகளாகப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கி ஆடிக்கொண்டிருந்தன.

ஆனி மண்டியிட்டு எண்ணினாள். “ஃபிஃப்டி த்ரீ! டேடி, யூ ஆர் கிரேட்!”

“தொடாதே” என்றாள் பிரிஜட். “தீர்த்தத்துல பொறந்த ஜீவன். பொறக்கும்போதே ஞானஸ்நானம் வாங்கின மாதிரி. அதையா கொல்லப்போறீங்க?”

“மம்மி, மிளகுத் தண்ணியில கொஞ்சம், வேப்பிலைத் தண்ணியில கொஞ்சம், உங்க ரசத்துல கொஞ்சம் போடப்போறேன். அவ்வளவுதான்.”

“என் ரசத்துல போட்டா ஏன்டி சாகுது?”

“அதைத்தான் கண்டுபிடிக்கிறோம்.”

தன் ரசம் தேசிய அளவுக்குப் போகிறது என்ற நினைப்பில் பிரிஜட் கொஞ்சம் இறங்கி வந்தாள். ஆனால் புழுவை எடுத்தபின் மிச்சத் தீர்த்தத்தைச் சாக்கடையில் கொட்ட விடவில்லை. மண்ணில்தான் ஊற்ற வேண்டுமாம். பன்னிரண்டாம் மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? சவரிராஜ் ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கி, யாரும் பார்க்காத வேளையில் ஒரு மரத்தடியில் ஊற்றிவிட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு திரும்பினார்.

வெள்ளிக்கிழமை மாலைதான் விளக்க அட்டையைப் பார்த்தார். ஆனி கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: ‘புழு எடுத்த இடம்: எங்கள் வீட்டுப் பீடம், புக்கிட் பாஞ்சாங்.’

“இதை எழுதியே ஆகணுமாம்மா?”

“ரூல் லா டேடி. இடம் போடலைன்னா மார்க் இல்லை.”

கண்காட்சி அழைப்பிதழை எடுத்துப் பார்த்தார். சிறப்பு நடுவர் திரு. மருதப்பன் என்று போட்டிருந்தது. சவரிராஜின் கண்முன் நாற்பத்தாறு பூஜ்யங்களும் வரிசையாக உருண்டு போயின. பின்னாலேயே சீனியர் இன்ஸ்பெக்டர் நாற்காலியும் உருண்டது.

ஆனி பாடகர் குழுப் பயிற்சிக்குப் போனதும், ஒரு வெள்ளைத் தாளை வெட்டி, ‘ஜாலான் புசார்’ என்று எழுதி அந்த வரியின்மேல் ஒட்டினார். ஏழெட்டு எழுதுகிற இடத்தில் ஐம்பது கூடினால் யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமை, டோபி காட் பக்கத்து மண்டபம் நிரம்பி வழிந்தது. பிள்ளைகளின் அறிவியல் திறமையைக் காட்ட அப்பாக்கள் எல்லாரும் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு மேசையில் எரிமலை பொங்கியது. அதைச் செய்த மாணவர் வெளியே ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருக்க, அவர் தகப்பனார் எரிமலையைப் பற்றி விளக்கம் கொடுத்தார். இன்னொரு மேசையில் ரேடியோ பாடியது. “நீ செஞ்சதாம்மா?” என்று யாரோ கேட்டதற்கு, “அப்பா லஞ்சுக்குப் போயிருக்காங்க, வந்ததும் கேளுங்க” என்றது ஒரு பெண்.

மருதப்பன் இலாகா வேனில் வந்து இறங்கினார். கூடவே பரிசுக் கோப்பையைச் சுமந்தபடி டைப்பிஸ்ட் கண்மணி. வேனை ஓட்டி வந்தவர் அப்துல் அலீம். நடுவர்கள் எரிமலைக்கு முன்னால் நின்ற நேரத்தில் அலீம் ஆனியின் மேசைக்கு வந்துவிட்டார். அட்டையைப் படித்தார். மறுபடி படித்தார்.

“சவரி, இது என்ன?”

“ஒரு பேச்சுக்குப் போட்டது பாய்.”

“என் ஏரியாவுல ஐம்பதா? போன வாரம் எட்டுன்னு எழுதிக் கொடுத்திருக்கேன்யா! மிச்சத்தை நான் எங்க ஒளிச்சு வச்சேன்னு பெரியவர் கேட்பாரே!”

“சத்தம் போடாதீங்க பாய்.”

“கிழிக்கிறியா, நான் கிழிக்கட்டுமா?”

கிழித்தால் பீடம் வந்துவிடும். சவரிராஜ் ஓடிப்போய் இன்னொரு தாள் வாங்கி வந்தார். இந்த நாட்டில் எந்த இடத்தைப் போட்டாலும் அதற்கு ஒரு இன்ஸ்பெக்டர் இருப்பான். ஆகவே நாட்டை விட்டே வெளியேறி, எல்லைக்கு அப்பாலுள்ள ‘ஜொகூர் பாரு’ என்று எழுதி ஒட்டினார். அலீம் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கை கொடுத்தார்.

நடுவர்கள் வந்தார்கள். தலைமை நடுவர் பூச்சியியல் படித்த டாக்டர் குவா என்ற அம்மாள். மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஜாடிகளைப் பார்த்தார். மிளகில் பாதி செத்திருந்தது. வேப்பிலையில் முக்கால். பிரிஜட்டின் ரசத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நல்லவேளை, பிரிஜட் பக்கத்தில் இல்லை.

“ஜொகூரிலிருந்தா?” என்று அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டார்.

ஆனி அட்டையைத் திரும்பிப் பார்த்து விழித்தாள். அவள் வாய் திறக்குமுன் சவரிராஜ் பாய்ந்தார். “ஆமாம் டாக்டர். 170ஆம் நம்பர் பஸ்ஸில் கொண்டுவந்தோம்.”

“உயிருள்ள புழுவையா? எல்லை தாண்டி?”

“பாட்டில்ல.”

“அனுமதிச் சீட்டு எங்கே?”

சவரிராஜ் சட்டைப்பையைத் தடவினார். பஸ் டிக்கெட்கூட இல்லை.

“ஐம்பது கொசுவை அனுமதியில்லாமல் நாட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறீர்கள்” என்ற அம்மாள் பேனாவைத் திறந்தார். “இதை நான் மேலே எழுதித்தான் ஆகவேண்டும்.”

இதுவரை போகவிருந்தது நாற்காலி மட்டும்தான். இப்போது சிறைக் கம்பிகள் தெரிந்தன. புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே போகலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

“எக்ஸ்கியூஸ் மீ டாக்டர்” என்றாள் ஆனி. “அது நான் எழுதினது இல்லை. டேடி பேப்பர் ஒட்டிட்டாரு. நிஜம் அடியில இருக்கு.”

“ஆனி!”

“பொய் சொன்னா அது சயன்ஸ் இல்லை டேடி.”

மருதப்பன் குனிந்தார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டி மெல்ல உரித்தார். ஜொகூர் பாரு போயிற்று. ஜாலான் புசார் வந்தது. அப்துல் அலீம் கூரையில் சுழன்ற மின்விசிறியை ஆராய்ந்தார். ஜாலான் புசாரும் போயிற்று.

“எங்கள் வீட்டுப் பீடம், புக்கிட் பாஞ்சாங்” என்று மருதப்பன் உரக்கப் படித்தார். “இது யாரு வீடும்மா?”

“எங்க வீடு அங்கிள். இவருதான் எங்க டேடி.”

சவரிராஜ் இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று உணர்ந்தார். “சார், நாற்பத்தாறு வாரம் பூஜ்யம் சார். ஒரு புழு விடலை. இப்ப என் ஏரியாவுல, என் சொந்த வீட்டுல, ஐம்பத்து மூணு சார். திங்கக்கிழமை நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்.”

“ஐம்பத்து மூணா? எண்ணினியா?”

“மக எண்ணினா சார்.”

டாக்டர் குவா விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பேனாவை மூடினார். எல்லை தாண்டாத புழுவில் அவருக்கு வழக்கு எதுவும் இல்லை. மருதப்பன் ஒரு ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். புழுக்கள் நெளிந்தன. அவர் முகத்தில் வந்தது கோபமா, வேறெதாவதா என்று சவரிராஜால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஜாடியை வைத்துவிட்டு வந்து சவரிராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே இருந்தார்.

சவரிராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்ட டைப்பிஸ்ட் கண்மணி, மருதப்பன் பக்கம் சாய்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படியான ரகசியக் குரலில் சொன்னாள்:

“அப்ப திங்கக்கிழமை கொடுக்க நான் அடிச்சு வச்ச டிஸ்மிஸ் லெட்டரைக் கிழிச்சிடவா சார்? வீட்டுல படுத்துக்கிட்டே பூஜ்யம் போடுறாருன்னு எழுதியிருக்கோம், பாவம், மனுஷன் வீட்டுலகூட வேலை பார்த்திருக்காரே!”