கல்லான பெண்ணும் கடைவாய்ப் பல்லும்

“கல்லாப் போன அந்தப் பொண்ணு என்ன ஆனா? அதைச் சொல்லுங்க. அப்புறம்தான் வாயைத் திறப்பேன்.”

சொல்லிவிட்டு டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அம்மாள் வாயை இறுக மூடிக்கொண்டார். பல் டாக்டர் கையில் சின்னக் கண்ணாடியோடு திகைத்து நின்றார்.

அம்மாளின் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்திருந்தது. மாத்திரை கொடுத்து வீக்கத்தை ஒருவழியாக வடிய வைத்தாயிற்று. இன்றைக்குப் பிடுங்கியே தீர வேண்டும். தள்ளிப்போட்டால் மறுபடி வீங்கும். தாடை எலும்புக்கே ஆபத்து.

வம்பை விலைக்கு வாங்கியது டாக்டரேதான். பயந்து நடுங்கும் நோயாளிகளுக்கு அவர் கதை சொல்வார். எல்லோருக்கும் ஒரே கதை. அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில், கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா ஜப்பானிலிருந்து வாங்கி வந்த வீடியோ கேமின் கதை.

ஓர் ஓடக்காரன். அவன் ஊர் ஆறு திடீரென்று வற்றிப்போகிறது. ஆறு எங்கே பிறக்கிறதோ அங்கேயே போய்ப் பார்த்துவிடுவது என்று துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்புகிறான். முகமே இல்லாத ஒரு போர்வீரனும், பேச வராத ஒரு வைத்தியப் பெண்ணும் வழியில் சேர்ந்துகொள்கிறார்கள். பாலைவனம், பனிமலை, தலைகீழாகத் தொங்கும் ஒரு நகரம் எல்லாவற்றையும் தாண்டி ஊற்றுக்கண்ணை அடைகிறார்கள். அங்கே ஒரு நீர்ப்பூதம். அது வீசிய சாபத்தை மற்ற இருவர் மேலும் படவிடாமல் அந்தப் பெண் குறுக்கே பாய்கிறாள். கல்லாகிறாள்.

டாக்டர் இதைச் சொல்ல ஆரம்பித்தால் டிரில் சத்தம்கூடக் காதில் விழாது. “வலிச்சுதா?” என்று கேட்டால், “பல்லு இல்ல டாக்டர், அந்தப் பொண்ணை நினைச்சேன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள். பெரும்பாலும் அவள் கல்லாகும்போது பல் வேலையும் முடிந்துவிடும். அதுவரைக்கும் டாக்டர் தப்பித்தார்.

ஏனென்றால் அதற்கு மேல் கதை அவருக்கே தெரியாது. ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்தும் தெரியாமல், படத்தைப் பார்த்து அவராகக் கட்டிக்கொண்ட கதை அது. அவள் கல்லான அன்று அழுதுகொண்டே கேமை அணைத்தவர் அதற்குப் பிறகு தொடவே இல்லை.

“என்ன டாக்டர், பதிலைக் காணோம்?”

“உயிரோட வந்துடுவாம்மா,” என்றார் டாக்டர் அவசரமாக. “நல்லா இருக்கா. நீங்க வாயைத் திறங்க.”

“அது பொய்!”

குரல் வெளியே காத்திருந்தவர்கள் பக்கமிருந்து வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வக்கீல் உள்ளே வந்தார். பல் செட்டை உரசிச் சரிசெய்ய வந்தவர் அவர்.

“எங்கிட்ட அவ திரும்பி வரவே இல்லைன்னு சொன்னீங்க. இதே நாற்காலியில படுத்துக்கிட்டு அழுதேன் சார். எந்த வாக்குமூலம் உண்மை?”

டாக்டருக்கு வியர்த்தது. ஒரு பெருமூச்சு விட்டுச் சமாளித்தார். “அது வந்து... ஆடுறவங்களைப் பொறுத்து முடிவு மாறும் சார்.”

“அப்ப நீங்க ஆடினப்ப என்ன ஆச்சு?” என்றார் அம்மாள்.

டாக்டர் கையிலிருந்த சின்னக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

“புரிஞ்சுபோச்சு,” என்று அம்மாள் எழுந்து உட்கார்ந்தார். “கதையைப் பாதியிலேயே விட்டவர் நீங்க. முழுசாத் தெரிஞ்ச மாதிரி சொல்லியிருக்கீங்க. அப்படின்னா ‘ஊசி போட்டா எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்’னு சொன்னீங்களே, அது?”

கேள்வி காத்திருந்தவர்கள் வரை போய்ச் சேர்ந்தது. ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே எழுந்தார். இன்னொருவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார். “எனக்கும் எறும்புன்னுதான் சொன்னாரு,” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவர் டாக்டரின் அக்கா. தம்பியின் பிழைப்பு செருப்பு மாட்டிக்கொண்டு வெளியேறுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“யாரும் போகாதீங்க!” என்று எழுந்தார். “டேய், அந்த கேம் மாடியில என் பீரோவுலதான் இருக்கு. கொண்டு வர்றேன். எல்லார் முன்னாடியும் ஆடிக் காட்டுடா.”

“அக்கா, நோயாளிங்க முன்னாடி டேய்னு...”

“சும்மா இருடா.”

வீடு மாடியிலேயே இருந்ததால் அக்கா போன வேகத்தில் திரும்பினார். சாம்பல் நிற கேம் பெட்டி பழைய துப்பட்டா ஒன்றில் சுற்றியிருந்தது. காத்திருப்பு அறை டிவியைக் கழற்றி வந்து நாற்காலிக்கு எதிரே வைத்தார்கள். அம்மாள் மறுபடி சாய்ந்து படுத்தார். வாய் மட்டும் மூடியே இருந்தது. கிளம்பப் பார்த்தவர்கள் சுவரோரமாக வந்து நின்றார்கள்.

பெட்டிக்குள் தட்டு கரகரவென்று சுழன்றது. திரை கறுப்பாகவே இருந்தது. “செத்துப்போச்சு போல,” என்றார் வக்கீல். அப்போது எங்கோ தொலைவில் ஒரே ஒரு புல்லாங்குழல் கேட்டது.



பனி விலகி மலையுச்சி தெரிந்தது. கிழிந்த சட்டையும் துடுப்புமாக ஓடக்காரன் நின்றான். எதிரே ஒரு கல். கல்லில் ஒரு பெண்ணின் முகம். டாக்டர் அன்றைக்கு எந்த இடத்தில் அணைத்தாரோ அதே இடம். ஆடிய இடத்தைப் பதிந்து வைக்கும் மெமரி கார்டு ஓர் இம்மியும் மறக்கவில்லை.

“டேய்,” என்றார் அக்கா மெதுவாக. “நீ காலேஜ் போய், கல்யாணம் பண்ணி, தலை நரைக்கிற வரைக்கும் இவன் இங்கேயே நின்னுட்டு இருந்தானாடா?”

டாக்டர் கண்ட்ரோலரைக் கையில் எடுத்தார். ஆடத் தொடங்கினார்.

விரல்களுக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது. நீர்ப்பூதம் மலைக்குப் பின்னாலிருந்து எழுந்த கம்பீரத்தில் பட்டனையே தேட முடியவில்லை. ஒரே அடியில் ஓடக்காரன் விழுந்தான். மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை போர்வீரனும் சேர்ந்து விழுந்தான்.

“இடது பக்கம் போங்க!” “கீழே ஏதோ மின்னுது பாருங்க!” “அதை அமுக்காதீங்க சார்!” என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அத்தனையையும் கேட்டதில் ஓடக்காரன் மூன்றாவது முறை நின்ற இடத்திலேயே விழுந்தான்.

“இங்க கொடுங்க,” என்று அம்மாள் கண்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டார். “ஊரையே வண்டி ஓட்ட வச்சிருக்கேன். இவனை ஓட்ட முடியாதா? டேய் ஓடக்காரா, நிதானமாப் போ. கண்ணாடியைப் பாரு. பதறாதே.”

ஓடக்காரன் நிதானமானான். கருணையே இல்லாத அந்தப் பூதத்தின் அலை வரும்போது ஒதுங்கினான், வடிந்ததும் நகர்ந்தான். டாக்டருக்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று தோன்றியது. ஊசியை எடுத்துக்கொண்டு அருகில் போனார்.

“அம்மா, வாயை மட்டும் கொஞ்சம்...”

அம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறந்தார். ஊசி இறங்கியது. எறும்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆனால் ஊசி போட்ட கையோடு டாக்டர் அம்மாளின் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றதால், அந்த இடைவெளியில் கண்ட்ரோலர் வக்கீல் கைக்குப் போய்விட்டது. வக்கீல் விட்டு விளாசினார். பூதம் பின்வாங்கியது. அறையே கைதட்டியது.

“அழிக்காதீங்க!” என்று அம்மாள் கத்தினார்.

“என்னம்மா?”

“அழிக்காதீங்கன்னு சொல்றேன்!”

நாக்கு மரத்துப்போய்விட்டது. அவர் சொல்ல வந்தது அடிக்காதீங்க என்று. யாருக்கும் புரியவில்லை. அம்மாள் எழுந்து, திரையில் அந்தக் கல்லை விரலால் தொட்டுக் காட்டினார்.

கல்லின் கன்னத்தில் ஒரு விரிசல்.

வக்கீல் நம்பாமல் இன்னொரு அடி அடித்துப் பார்த்தார். பூதம் அலறியது. கல்லில் இன்னொரு விரிசல் ஓடியது.

“அடி வாங்குறது அது,” என்றார் வக்கீல், குரல் இறங்கிப்போய். “உடையுறது இவளா?”

உறுத்தும் பல் செட்டைக் கழற்றி வைப்பதுபோல அவசரமாகக் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கினார். அம்மாள் அதை எடுத்துக்கொண்டு மறுபடி நாற்காலியில் சாய்ந்தார். திரையில் பச்சை இலைப் படம் காட்டும் பட்டனை மட்டும் அமுக்கினார். அது காயத்தை ஆற்றும். அடிப்பதே இல்லை. பூதம் அடித்தது, இவர் ஆற்றினார். மறுபடி அடித்தது, மறுபடி ஆற்றினார். அதன் பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். இலையைப் பூதத்தின் மேலேயே வைத்தார்.

“ஐயோ, எதிரிக்கா?” என்றார் அக்கா.

“அழுதுக்கிழ்ழு இழுக்கு,” என்றார் அம்மாள்.

எல்லோரும் உற்றுப் பார்த்தார்கள். உண்மைதான். பூதம் அழுதுகொண்டிருந்தது. சின்ன வயதில் டாக்டர் சாபம் என்று நினைத்தது எல்லாம் அதன் கண்ணீர்.

பூதம் மெல்ல உட்கார்ந்தது. மலையளவு உடம்பு சரிந்து, கரைந்து, ஆறாகியது. தண்ணீர் கல்லைச் சுற்றிக்கொண்டு ஓடியது. கல்லின் விரல் ஒன்று அசைந்தது. பிறகு கை. அந்தப் பெண் கண்ணைத் திறந்து, ஓடக்காரனைப் பார்த்து, முதன்முதலாக உதடசைத்து ஏதோ பேசினாள். என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது. தெரியாமலே எல்லோரும் அழுதார்கள்.

புல்லாங்குழலோடு வேறு வாத்தியங்களும் சேர்ந்துகொண்டன. காட்சி பின்வாங்கி உயர்ந்தது. ஆறு வெள்ளிக் கோடாகி, பள்ளத்தாக்கு தெரிந்து, பள்ளத்தாக்குக்கு அப்பால் விளக்கேற்றிய நகரங்கள் தெரிந்து, அதற்கும் அப்பால் கடலும், கடலுக்கு மேலே மிதக்கும் தீவுகளும் தெரிந்தன. இவ்வளவு பெரிய உலகமா அந்தச் சின்னத் தட்டுக்குள் சுருண்டு கிடந்தது?

டாக்டர் திரும்பிப் பார்த்தார். சுவரோரம் நின்ற அத்தனை பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். யாரும் கெஞ்சவில்லை, யாரும் மிரட்டவில்லை. அவர் தொழிலில் இத்தனை வாய்கள் தாமாகத் திறந்து அவர் பார்த்ததே கிடையாது. எல்லோரையும்விட அகலமாகத் திறந்திருந்தது டிரைவிங் ஸ்கூல் அம்மாளின் வாய்.

டாக்டர் பல் பிடுங்கும் இடுக்கியை எடுத்தார். ஓர் அசைப்பு, ஒரு திருகு. பல் கையோடு வந்துவிட்டது.

“தழ்ழிப் போங்க டாக்டர்,” என்றார் அம்மாள், “மழைக்குது.”

பஞ்சை வைத்துவிட்டு டாக்டர் ஒதுங்கி நின்றார். நட்சத்திரங்கள் நிறைந்த வானத்தின் நடுவே பெரிய பெரிய பொன்னெழுத்துகள் ஒவ்வொன்றாக மலர்ந்தன. எழுத்து புரியாவிட்டாலும் அதன் கம்பீரம் புரிந்தது. வக்கீல் ஓங்கிக் கைதட்டினார். செருப்பு தேடியவர் பக்கத்தில் நின்றவரைக் கட்டிக்கொண்டார்.

“முடிச்சுட்டேடா,” என்று அக்கா தம்பியின் தோளைத் தட்டினார்.

“முடிஞ்சுது அக்கா,” என்றார் டாக்டர். நெஞ்சில் அந்தக் காலத்திலிருந்தே உட்கார்ந்திருந்த ஒரு கனம் இறங்கிப்போயிருந்தது. இனி யார் கேட்டாலும் கதையை முழுசாகச் சொல்லலாம்.

மனைவியை அழைத்துப்போக வந்த அம்மாளின் கணவர், கையில் ஹெல்மெட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டிருந்தார். ஒரு ஜப்பானியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர் அவர். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த எழுத்துகளைத் தயக்கத்தோடு படித்தார்.

“‘முன்கதை முடிந்தது, இனிமேல்தான் கதை’ன்னு போட்டிருக்கு, டாக்டர்.”