டவருக்கு வீடு கட்டியவர்

உலகத்தில் எல்லோரும் வீட்டுக்கு டவர் கிடைக்குமா என்று பார்த்தார்கள். டவர் கிடைத்த இடத்துக்கு வீட்டைக் கொண்டுபோனவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். கொல்லிமலையில் திருப்புலி நாட்டுப் பக்கம் அவரை டவர்காரர் என்பார்கள். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். அவர் மனைவியே கோபம் வந்தால், "இந்த டவரக் கட்டிக்கிட்டு நான் பட்ட பாடு இருக்கே" என்றுதான் ஆரம்பிப்பார்.

செல்போன் கீழே சமவெளி வரைக்கும் வந்து, மலையேறாமல் நின்ற வருடங்கள் அவை. நான் அங்கே அரசுப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். ஊருக்குள் எந்த வீட்டிலும் ஒரு கோடு சிக்னல்கூட வராது.

டவர்காரருக்கு ஒரே மகன், பழனி. போர்வெல் லாரியில் வடக்கே வேலைக்குப் போகிறேன் என்றான். மிளகுக் கொடியை யார் பார்ப்பது என்று இவர் கேட்டார். பேச்சு முற்றி, "போனா அப்படியே போயிரு" என்று சொல்லிவிட்டார். பையன் சொன்ன சொல் தட்டாதவன். அப்படியே போய்விட்டான்.

பல மாதம் தகவலே இல்லை. பிறகு ஊர் திரும்பிய லாரி டிரைவர் ஒருவர், பழனி வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லி ஒரு பழைய செல்போனை, நாமக்கல்லில் சிம் போட்டு, கொண்டுவந்து கொடுத்தார். அது முதல் தடவை அடித்தபோது டவர்காரர் தோட்டத்துக் கடைசியில், சமவெளியைப் பார்த்த பாறை மேல் நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா, உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும். நீ கோவிச்சுக்கக் கூடாது..."

"இரு சாமி, ஒங்கம்மாளும் கேக்கட்டும்!" என்று போனைப் பிடித்தபடி வீட்டைப் பார்த்து ஓடினார். வாசலில் கால் வைத்ததும் லைன் போய்விட்டது. திரும்பப் பாறைக்கு ஓடி வந்து, வந்த நம்பருக்கே போட்டார். எங்கோ ஒரு டெலிபோன் பூத்துக்காரர் இந்தியில் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார்.

பையன் என்ன கேட்க வந்தான்? ஊரே வேலையை விட்டுவிட்டு யோசித்தது.

"வடக்கத்திப் புள்ளயக் கட்டிக்கட்டுமான்னு கேட்டிருப்பான்" என்றார் டீக்கடைக்காரர்.

"பூமியில பங்கு கேட்டிருப்பான்" என்றார் பங்காளி.

"முழுசாக் கேக்கறதுக்குள்ள இந்த மனுசனுக்கு என்னத்துக்குங்க ஓட்டம்?" என்றார் மனைவி.

அன்றிலிருந்து டவர்காரர் பாறையை விட்டு இறங்கவில்லை. களியும் குழம்பும் அங்கேயே வந்தன. ஊரில் செல்போன் வாங்கிய இன்னும் சிலரும் பேசுவதற்கு அங்கே வர, இவர் சட்டம் போட்டார். சமவெளியைப் பார்த்து நிற்க வேண்டும். கையை ஆட்டக் கூடாது. முக்கியமாக, பொய் சொல்லக் கூடாது. "பொய் சொன்னா டவர் போயிருமுங்க. நான் கண்ணாலயே பாத்திருக்கறேன்."

ஒரு மிளகு வியாபாரி அது தெரியாமல் பாறையில் ஏறி, "ராசிபுரம் தாண்டிட்டேன், அரை மணியில வந்துருவேன்" என்று யாரிடமோ சொன்னார். டவர்காரர் போனைப் பிடுங்கினார். "இல்லீங்க, அவரு இன்னும் மலை மேலதான் நிக்கறாருங்க. எங்கூட்டுல எலை போட்டிருக்குது, சாப்பிட்டுட்டுத்தான் எறங்குவாரு." வியாபாரி சாப்பிடாமலே இறங்கிவிட்டார்.

மழைக்கும் வெயிலுக்கும் பாறையில் எத்தனை நாள் உட்கார முடியும்? அந்த வருடத்து மிளகைப் பேளுக்குறிச்சிச் சந்தையில் விற்றார். நல்ல வீடு ஒன்று இருக்கும்போதே, பாறையை ஒட்டி இன்னொன்று கட்டத் தொடங்கினார். கிணற்றுக்கு நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடப்பார் அல்லவா, அப்படி இவர் செல்போனை வைத்துக்கொண்டு நடந்தார். ஒரு கோடு வந்த இடத்தில் ஒரு கல் போட்டார். நாலு கோடு வந்த இடத்தில் நாலு கல். நாலு கல் விழுந்த இடத்தைச் சமையல்கட்டு ஆக்கினார். "நான் தோட்டத்துல இருந்தாலும் அவ அங்கதானுங்களே இருப்பா. பையன் கூப்புட்டா எடுக்கோணுமல்ல?"

மனை பார்க்க வந்த பெரியவர், வாசல் எந்தத் திசை என்றார்.

"டவர் பக்கமுங்க."

"அப்படி ஒரு திசை சாஸ்திரத்துலயே இல்லயேப்பா!"

"சாஸ்திரம் எழுதறப்ப டவரும் இல்லீங்களே."

கூரைக்குப் புல் வேயப் போகிறேன் என்றார். இங்கேதான் நான் வருகிறேன். "அந்த முனையில அடிக்கிற காத்துக்குப் புல் நிக்காது, தகரம் போடுங்க" என்றேன். "வாத்தியாரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். தகரத்துக்கு வண்டி பேசி ஏற்றி வந்ததுகூட நான்தான். காற்றுக்குப் பயந்து, சமவெளிப் பக்கம் கூரையைத் தரையைத் தொடும் அளவுக்கு இறக்கிப் போட்டார்கள்.

ஐப்பசி மழையில் புதுமனை புகுந்தார்கள். சமையல்கட்டில் ஓர் ஆணி அடித்து, செல்போனுக்குப் பொட்டு வைத்து மாட்டினார். செம்மேட்டு பூத்துக்கு ஓர் ஆளை அனுப்பி, அங்கிருந்து கூப்பிடச் சொல்லியிருந்தார். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தோம். தகரத்தின் மேல் மழை கொட்டடித்தது. போன் அடிக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் ஒரு கோடுகூட இல்லை.

டவர்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். உலோகத் தகடு அலைகளைத் தடுக்கும். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது; பரீட்சையில் கேள்வியாகக் கேட்டு, எழுதாதவனுக்கு மதிப்பெண் குறைத்தது. அது அந்தத் தகரத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

"என்னாச்சுங்க வாத்தியாரே?"

அத்தனை பேர் முன்னால் என் படிப்பை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "கீழ டவர்ல ஏதோ ரிப்பேர். ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றேன்.

நம்பினார். மழை விடவில்லை. நனைந்தால் போன் செத்துவிடும் என்று யாரும் அதை வெளியே எடுக்கவும் இல்லை, மற்ற போன்காரர்கள் பாறைப் பக்கம் வரவும் இல்லை. அவர் ஆணிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார். நான் தினமும் போவேன். "ரிப்பேரு முடியலீங்களா?" என்பார். "மழையில்ல, மெதுவாத்தான் செய்வாங்க" என்பேன். டவர்காரர் வீட்டில் டவர் இல்லை என்று டீக்கடையில் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பொய்யைவிட அந்தச் சிரிப்புதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது.

இப்படி ஒரு வாரத்துக்கு மேல் ஓடியது. ஒரு நாள் அவர் ஆணியைப் பார்த்தபடி, "அவன் என்ன கேக்க வந்தான்னு தெரியாமயே நான் போய்ச் சேந்துருவேனுங்களா?" என்றார். அதற்கு மேல் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். தகரத்தைச் சொன்னேன், முதல் நாளே தெரியும் என்பதையும் சொன்னேன்.

திட்டு விழும் என்று நின்றேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"தகரம் தடுக்குமுங்களா?"

"தடுக்கும்."

"புல்லு?"

"தடுக்காது."

"அட, இவ்வளவுதானுங்களா!" முகம் மலர்ந்துவிட்டது. "ரிப்பேருன்னு நீங்க சொன்னாலும், அவந்தான் கூப்புடாம உட்டுட்டானோன்னு நான் பயந்து கெடந்தேன்."

கொட்டுகிற மழையில் கூரையேறி ஒரு தகரத்தைக் கழற்றினார். கீழேயிருந்து மனைவி கத்தினார்.

"அடுப்புக்கு மேலயா கழட்டற?"

"நாலு கோடு அங்கதான அம்மிணி இருக்குது!"

"ரசத்துல மழத்தண்ணி விழுகுது!"

"உப்பச் சேத்திப் போடு!"

அதற்குப் பிறகு பள்ளி விட்டதும் அந்தச் சமையல்கட்டில் குடை பிடிப்பது என் வேலை. யாரும் சொல்லவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். குடைக்குக் கீழே அடுப்பு, ரசம், செல்போன், டவர்காரர். நான் பாதி வெளியே.

ஒரு சாயங்காலம் போன் அடித்தது. அந்தக் காலத்துப் போன், பக்கத்தில் நிற்பவருக்கும் நன்றாகக் கேட்கும்.

"அப்பா, ஏன் லைனே கெடைக்கல? இத்தன நாளும் பூத்தில்லாத காட்டுல வேல. வெளிய வந்ததுல இருந்து எத்தன தடவ கூப்பிட்டேன் தெரியுமா? இன்னும் கோவத்துல போன அணைச்சு வெச்சுட்டியோன்னு நெனச்சேன். இதான் கடைசி, இதுக்கும் கெடைக்கலன்னா இனிமேக் கூப்புட வேண்டாம்னு இருந்தேன்."

குடையை மறந்து நான் போன் பக்கம் சாய்ந்துவிட்டேன். டவர்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். குடையைச் சரியாகப் பிடிக்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, "கீழ டவருல ரிப்பேரு சாமி. இப்பத்தான் சரியாச்சு" என்றார்.

வியாபாரியின் போனைப் பிடுங்கிய மனிதர், அதே பாறையை ஒட்டி நின்று, எனக்காகப் பொய் சொன்னார். லைன் போய்விடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், இயற்பியல் படித்த நான். லைன் போகவில்லை.

"சரிப்பா. நான் அன்னிக்குக் கேக்க வந்தது..."

"கேளு சாமி."

"ஊட்டுக்கு வரட்டுமா?"

ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் இறக்கவில்லை.

"வா சாமி. ஆனாப் பழைய ஊட்டுக்குப் போயிராத. அங்க டவர் கெடைக்காது."

கழற்றிய தகரத்தைத் திரும்ப மாட்டியது பழனிதான். பிறகு சில வருடத்தில் மலை மேலேயே டவர் வந்தது. பழைய வீட்டுக்கு நாலு கோடு, புது வீட்டுக்கு ஒன்றுதான். ஊர் மறுபடியும் சிரித்தது. அவர் அசையவில்லை. "எனக்கு வேண்டிய போன் வந்துருச்சுங்க. மத்ததெல்லாம் வந்தா வரட்டும், வராட்டிப் போவட்டும்" என்றார்.

இப்போது நான் கீழே, நகரத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். குளியலறையில்கூட நாலு கோடு. யாராவது கூப்பிட்டால், நாற்காலியை விட்டு எழாமலே, "கிளம்பிட்டேன், வந்துட்டே இருக்கேன்" என்று சில நாள் வேண்டுமென்றே சொல்கிறேன். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருப்பேன், பின்னாலிருந்து ஒரு கை வந்து அதைப் பிடுங்காதா என்று.