அப்பா பூட்டிய கெனாரி மரம்

அப்பா ஒரு சபதம் எடுத்தார்.

"இந்தத் தடவை பாதிக்கு மேல உயிரோட போய்ச் சேரும்!"

இதைத் தொண்டையைச் செருமிக்கொண்டு, வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு வாசிக்க வேண்டும். என் அப்பா ஹெர்மானுஸ் அப்படித்தான் பேசுவார். அம்மா யகோமினாவின் குரலுக்கு அவ்வளவு பாடு வேண்டாம். மீன்முள்ளை எடுத்துக்கொண்டே, நிமிராமல் வாசித்தால் போதும்.

"எது போய்ச் சேரும்?"

"கொண்டைக்கிளிதான், வேற எது? இங்கேருந்து கப்பல். அப்புறம் இன்னொரு நாடு. அங்க 'கூண்டுலயே பொறந்தது'ன்னு சான்றிதழ் குடுத்துடுவான். அப்புறம் விமானம்! நான் இன்னும் பக்கத்துத் தீவு அம்போனுக்கே ஒழுங்காப் போனதில்ல. நம்ம தோப்புக் கிளி ஆகாசத்துல போகுது!"

"அது ஏற்கெனவே ஆகாசத்துலதானே போயிட்டிருந்துச்சு?"

அப்பா சாகோக் கூழை விழுங்கினார்.

"போன தடவை பத்துக்கு எத்தனை போச்சு?"

"நாலு."

"மீதி ஆறு?"

"அதுவும் போச்சு. வேற ஊருக்கு."

அந்த வேற ஊர் எங்களுக்குத் தெரியும். தண்ணீர் பாட்டிலை வெட்டி, கிளியை உள்ளே திணித்து, தலையை மட்டும் வெளியே விட்டு அடுக்குவார்கள். கத்துவதை நிறுத்தியவற்றைக் கப்பல்காரர் கடலில் போட்டுவிடுவார். கடலுக்கு அடுத்தவர் பொருள் ஆகாது. எங்கள் கரைக்கே கொண்டுவந்து போட்டது. அம்மா அவற்றை மரவள்ளிப் பாத்தி ஓரமாகப் புதைத்தாள். அன்றிலிருந்து அந்தப் பாத்திக் கிழங்கை அவள் தொடுவதில்லை. அப்பா அவள் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

செராம் தீவில் எங்கள் பக்கத்து மலைச்சரிவில் மிச்சமிருந்தது ஒரே ஒரு கூட்டம். அது எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கெனாரிக் கொட்டை மரத்தில்தான் அடையும். வெள்ளிக்கிழமை கப்பல் வரப்போகிறது. அப்பாவுக்குக் கிளிகளைப் பற்றிக் கவலையில்லை. பக்கத்து வீட்டு ஒனிசிமுஸைப் பற்றித்தான் கவலை. அவனும் நைலான் கண்ணி முடைந்துகொண்டிருந்தான்.

"ஒரு யோசனை! மரத்துக்குச் சாசி போட்டுடலாம்!"

சாசி என்றால் விளையாட்டில்லை. சர்ச்சில் ஜெபம் பண்ணி மரத்தைப் பூட்டிவிட்டால், பூட்டச் சொன்னவர் திறக்கச் சொல்லும்வரை யாரும் தொடக் கூடாது. தொட்டவனுக்கு வயிறு வீங்கும். வீங்காவிட்டால், திருடியதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, தன் குற்றத்தைத் தானே கூவியபடி ஊரைச் சுற்ற வேண்டும். வயிறு வீங்குவதே மேல்.

"ஒனிசிமுஸ் பயந்து கிட்ட வர மாட்டான். நான் மட்டும் ஏறுவேன்."

"உங்களுக்கு வயிறு வீங்காதா? இதுக்கு மேல வீங்க எடமில்லைன்னு தைரியமா?"

"சாசி கொட்டைக்குத்தான்டி! கிளிக்கு இல்ல. நான்தான் ஒத்தக் கொட்டையையும் தொடமாட்டேனே!"

"அடேயப்பா! இந்த மூளையை வச்சுக்கிட்டு நீங்க மந்திரியாகாம மீன் புடிக்கிறீங்களே!"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

"காணிக்கையை நானே கொண்டுபோய்ப் போதகரம்மாகிட்ட சொல்லிடறேன். முட்டிவலியோட நீங்க எதுக்கு நடக்கணும்?"

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் முட்டியை யாரும் விசாரித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை போதகரம்மா ஜெபம் தொடங்கினார். ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்து இழுத்து, தூங்குகிறவரைத் தட்டிக்கொடுப்பதுபோல வாசியுங்கள்.

"சகோதரி யகோமினா கேட்டபடி இந்தக் கெனாரி மரத்தை மூடுகிறோம். இதை அயலான் தொடக் கூடாது..."

அப்பா திரும்பி ஒனிசிமுஸைப் பார்த்து மீசையைத் தடவினார். ஆசைதீரத் தடவி முடிப்பதற்குள் ஜெபம் வெகுதூரம் போயிருந்தது.

"...வேரையும் கிளையையும் காயையும், அதில் வந்து அடையும் சிறகுள்ள சகலத்தையும், அயலான் ஆனாலும் வீட்டுக்காரன் ஆனாலும்..."

"ஆமென்!"

சர்ச்சிலேயே உரத்த ஆமென் அப்பாவுடையது.

வாசலில் ஒனிசிமுஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "உங்களுக்குப் பெரிய மனசு அண்ணே. கிளியையும் சேத்துப் பூட்டி, உங்க கையையும் கட்டிக்கிட்டீங்களே!"

அப்பா வீட்டைப் பார்த்து நடந்தார். வந்ததும் வெடித்தார்.

"சிறகுள்ளதுன்னு யாருடி சொல்லச் சொன்னது?"

"கொட்டையைத் திங்கிற வௌவாலுக்காகச் சொன்னேங்க. கிளியும் மாட்டிக்கிச்சா? அடப் பாவமே."

"போய்த் திறக்கச் சொல்லு!"

"போட்ட கையோட திறந்தா ஊர் சிரிக்கும். எனக்கில்ல, உங்களுக்குத்தான் அவமானம்."

அப்பா விடவில்லை. மரத்துக்கு அப்பால் சாகோ மரக்கூட்டத்தில் கண்ணி கட்டினார். மற்றதைக் கூவி அழைக்க வைத்திருந்த பழக்கிய கிளி செத்துப்போயிருந்ததால், என்னை இழுத்துக்கொண்டு போனார்.

"நோனா, உனக்குத்தான் எல்லாக் குரலும் வருமே. கூவு. மரத்தை விட்டு இங்க வந்துட்டா சாசி செல்லாது."

இரை கண்ட கிளியின் குரல் எனக்கு வரும். ஜோடியைத் தேடும் குரலும் வரும். நான் போட்டது வேறு. போன தடவை கப்பலுக்குக் காத்திருந்தபோது, எங்கள் அடுப்படியில் அடுக்கியிருந்த பாட்டில்களிலிருந்து வந்த குரல்.

கூட்டம் மொத்தமும் கெனாரியின் உச்சிக்கு ஏறி ஒடுங்கிக்கொண்டது. ஒரு இலைகூட அசையவில்லை.

"அதென்ன சத்தம்?"

"ஞாபகம் இல்லையாப்பா?"

அப்பா கண்ணியைச் சுருட்டினார். "இதைக் கூவச் சொன்னது உங்கம்மாவா?" என்றார்.

"ம்."

வெள்ளிக்கிழமை கப்பல் வந்தது. கப்பல்காரர் பல்லிடுக்கில் கிராம்புச் சுருட்டைக் கடித்தபடி பேசுவார்.

"சரக்கு எங்க?"

"மரத்துக்குச் சாசி."

"எவன் போட்டான்?"

ஊரே கரையில் நின்றது. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடக்கமாகத் தரையைப் பார்த்தாள். பொண்டாட்டி போட்டாள் என்று ஒரு ஆண்பிள்ளை ஊர் நடுவில் சொல்ல முடியுமா? வயிறு முன்னால் வந்தது.

"நான்தான்! என் உயிர் இருக்கிறவரைக்கும் அந்த மரத்துல ஒத்த எறகை எவனும் தொட முடியாது!"

கப்பல்காரர் துப்பிவிட்டுத் திரும்பினார். அம்மா உடனே நிமிர்ந்தாள்.

"போதகரம்மா, கேட்டீங்களா? அவர் வாயாலயே சொல்லிட்டார். சாசிக் காவல் வேலைக்கு ஆள் தேடிட்டிருந்தீங்களே?"

ஊர் கைதட்டியது. ஒனிசிமுஸ் விசிலடித்தான். அப்பா கையில் ஒரு தடியைக் கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது. புண்ணியம் உண்டாம்.

அன்று சாயங்காலமே அவர் மரத்தடியில் உட்கார்ந்தார். பொழுது சாய்கிற நேரத்தில் கப்பல் திரும்பி எங்கள் கரையோரமாகப் போனது. அடுத்த ஊரில் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு வந்திருந்தார்கள். தண்ணீர்மேல் அந்தச் சத்தம் வந்தது. கெனாரியிலிருந்த கூட்டம் முழுவதும் ஒரே குரலில் பதில் கூவியது. அதை மட்டும் நான் இதுவரை செய்துபார்த்ததில்லை.

அப்பா எழுந்தார். தடியைத் தூக்கிக்கொண்டு, முட்டிவலியை மறந்து, கடலைப் பார்த்து ஓடினார்.

"டேய்! நிறுத்துங்கடா! அதையெல்லாம் எறக்குங்கடா!"

அடுப்படி வாசலிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"எங்க ஓடுறீங்க? வந்து உக்காருங்க. உங்க அதிகாரம் அந்த மரத்து நெழலோட சரி."