ஈயமும் வேண்டாம், இரும்பும் வேண்டாம்

பாரிஸ் மாநகரத்திலேயே அடுத்தவன் பிழைப்பில் மண் அள்ளிப் போடுவதில் காந்தம் அண்ணையை மிஞ்சிய நல்ல மனிதர் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். ஏனென்றால் மண் விழுந்தது என் பிழைப்பில்.

எண்பதுகளில் லா சப்பல் பகுதியில் ஒரே அறையில் இருந்தோம். அண்ணை பக்கத்துத் தெருவில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவினார். எனக்கு வேலையே இல்லை. அண்ணையைச் சமையற்காரனாக்கி அடுப்புக்கு ஏற்றினால் அந்தக் கோப்பை கழுவும் வேலை எனக்குத்தான் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி ஊருக்கெல்லாம் 'வேலை கிடைத்துவிட்டது' என்று சொல்லிவிட்டேன்.

முதலாளிக்கு வேட்டைப் பைத்தியம். சதுப்பு நிலத்தில் காட்டுத் தாரா, அதுதான் காட்டு வாத்து, சுட்டுக்கொண்டு வருவார். ஒரு நாள் மிஞ்சிய தாரா இறைச்சியைக் கடித்த அண்ணைக்குக் கடைவாய்ப்பல் உடைந்தது. உள்ளே தோட்டாவிலிருந்து சிதறிய, மிளகளவு ஈயச் சன்னம். மனிதர் அதோடு விட்டாரா? டென்மார்க்கில் இருந்த தம்பிக்குப் போன் எடுத்தார். தம்பி எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினான். சேற்றில் விழுகிற சன்னத்தைத் தாராக்கள் இரை அரைக்க விழுங்கும் கல்லென்று நினைத்து விழுங்கி நஞ்சேறிச் சாகின்றனவாம். அங்கே இரும்புச் சன்னத்துக்கு மாறுகிறார்களாம்.

"சுடுறதெண்டால் சுடட்டும். நஞ்சு வைக்கிறது என்ன நியாயம்? சுட்டதும் சாகுது, சுடாததும் சாகுது!" என்று குசினி அடுப்படியில் நின்று கத்தினார்.

அன்றிலிருந்து சட்டைப்பையில் ஒரு காந்தம். தாரா வந்தால் சன்னத்தைத் தோண்டி எடுத்து அதில் வைப்பார். ஒட்டாது. "ஈயம்!" என்று தட்டைத் தள்ளிவிடுவார். என்னை மொழிபெயர்க்க இழுத்துக்கொண்டு துப்பாக்கிக் கடைக்கே போனார். கடைக்காரர் பாவம், பொறுமைசாலி. இரும்பு பாரம் குறைவு, பெரிய சன்னமாக எடுத்துக் கிட்டப் போய்ச் சுட வேண்டும், பழைய துப்பாக்கியில் மட்டும் போடவே கூடாது, குழல் தாங்காது என்றார்.

கடைசியில் முதலாளிதான் களைத்துப் போனார். டென்மார்க் போன கூட்டாளி மூலம் இரும்புத் தோட்டா எடுப்பித்தார். "ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள். உன் இரும்பால் சுடுகிறேன். திங்கட்கிழமை நீயே அடுப்பில் நின்று சமை" என்றார். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

ஞாயிறு காலை. நாணற் புல், குளிர், தலைக்கு மேலே தாராக் கூட்டம். முதலாளி உறையிலிருந்து தன் அப்பாவின் துப்பாக்கியை எடுத்தார். அண்ணை பாய்ந்து குழலுக்கு முன்னால் நின்றார்.

"இது பழைய துவக்கு! இதில இரும்பு போடக் கூடாதெண்டு சொல்லு!"

சொன்னேன். முதலாளி முகம் சிவந்தது. "ஈயமும் வேண்டாம், இரும்பும் வேண்டாம் என்றால் நான் எதால் சுடுவது?"

"நாளைக்கு மீன் சமைப்பம் எண்டு சொல்லு."

அதை மொழிபெயர்க்க எனக்கு வாய் வரவில்லை. தாராக்கள் சாவகாசமாகப் பறந்து போயின. முதலாளி எங்களை ஒரு சின்ன ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, அண்ணைக்கு அடுப்பும் இல்லை, கோப்பைக்குப் புது ஆளும் தேவையில்லை என்று சொல்லிக் காரை எடுத்தார்.

ரயிலில் நான் வெடித்தேன். "அந்தாள் சுட்டால் உங்களுக்கென்ன அண்ணை? என்ர வேலை போச்சே!"

"குழல் பிளந்து அந்தாளின்ர கண் போனால்?"

"அவர் உங்களுக்கு என்ன சொந்தமோ?"

"இரும்பெண்டு சொன்னது நான்தானேயடா" என்றார். அவ்வளவுதான். என்ன நியாயம் இது!

அந்த உணவகத்தில் அவர் கடைசிவரை கோப்பைதான் கழுவினார். சமைத்தது எங்கள் அறையில், எங்களுக்கு. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்த மனிதர் என் தட்டில் போட்டதை ஒரு நாளும் நான் கிளறிப் பார்த்துச் சாப்பிட்டதில்லை.