எல்லைக் கயிற்றுக்குள் ஓர் உரை

நான் சமூகக் கொள்கையில் முதுகலைப் பட்டம் பெற்றவள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. ஏனெனில் பின்னால் நடந்தவற்றுக்கு அறியாமையைக் காரணம் காட்ட எனக்கு வழியில்லை. ஒரு செயலுக்கு என்ன விளைவு, அந்த விளைவுக்கு என்ன விளைவு என்று ஆராய்ந்து பார்ப்பவள் எனப் பல்கலைக்கழகமே எனக்குச் சான்றிதழ் தந்திருக்கிறது. (தேத்தண்ணிக்குச் சீனி போடவும் யோசிக்கிறவள் என்று அம்மா சொல்லுவா. பாராட்டி அல்ல.) அப்படிப்பட்ட நான், லண்டனில் ஒரு கோடை ஞாயிற்றுக்கிழமை, இரண்டு கல்லூரிகளின் பழைய மாணவர்கள் குடும்ப சமேதராய்ப் பார்த்திருக்க, புல்லின் மேல் மல்லாந்து கிடந்தேன். குற்றம் என்னுடையதல்ல என்று அன்று முதல் வாதிட்டு வருகிறேன். கேட்பவர்தான் இல்லை.

கல்லூரிகளின் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். பச்சைக் கல்லூரி, ஊதாக் கல்லூரி என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் யாழ்ப்பாணத்தில் இருக்கின்றன. இரண்டிலும் படித்துவிட்டு லண்டனுக்கு வந்து சேர்ந்தவர்கள் ஆண்டுக்கொரு முறை வெம்பிளிக்கு அருகே ஒரு கவுன்சில் மைதானத்தில் கிரிக்கெட் ஆடுவார்கள். என் அப்பா பச்சை. அம்மாவின் அண்ணனான மாமா ஊதா. ஊதாச் சங்கத்தின் தலைவரும் அவரே. இருவரும் ஒன்றாக அகதிகளாக வந்திறங்கியவர்கள். ஒரே பெற்றோல் நிலையத்தில் மாறி மாறி ஷிப்ட் பார்த்தவர்கள். ஆயினும் ஆட்டம் நெருங்கும் மாதத்தில் இருவரும் நேரில் பேசுவதில்லை. அம்மா வழியாகத்தான் செய்தி போய் வரும்.

அந்நாட்களில் நான் குரோய்டனில் அகதிகளுக்கு உதவும் சிறிய நிலையமொன்றில் தொண்டராக இருந்தேன். அங்கேதான் அன்ரன் அண்ணையைச் சந்தித்தேன். மன்னார்க்காரர், மனைவியோடும் சின்ன மகளோடும் ஒரு தற்காலிக விடுதி அறையில் நெடுங்காலம் காத்திருந்து, கடைசியில் அகதி அந்தஸ்துப் பெற்றவர். அந்தஸ்து கிடைத்தால் துன்பம் தீர்ந்தது என்று எண்ணுகிறவர்கள் அடுத்த தபாலைப் பார்த்ததில்லை. 'நீங்கள் இந்நாட்டில் வாழலாம்' என்று சொல்கிற அதே கை, 'ஆகவே விடுதியைக் காலிசெய்யுங்கள்' என்றும் எழுதும். எங்கே போவது என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இராது. வெம்பிளியில் ஒரு சேலைக்கடைக்கு மேலே அறையொன்று இருந்தது. திங்கட்கிழமை காலைக்குள் முற்பணம் கட்டினால் அவர்களுக்கு; இல்லையென்றால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு. குழந்தையோடு தெருவில் நிற்பதா இல்லையா என்பது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் ஆராய்ந்தேன். எங்கள் ஆட்களின் கருணை களைத்துப் போயிருக்கலாம். ஆனால் அவர்களுடைய கல்லூரிப் பகை ஒருநாளும் களைத்ததில்லை. அதையே பணமாக்கினால் என்ன? மைதானத்தில் பச்சைக்கு ஒரு வாளி, ஊதாவுக்கு ஒரு வாளி. எவருடைய வாளி பாரம் குறைகிறதோ, அந்தச் சங்கத் தலைவர் எதிர்க் கல்லூரியின் கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு, எதிர்க் கல்லூரியின் கீதத்தை முழுவதும் பாட வேண்டும். இரு தரப்பும் மூச்சு விடுவதற்குள் சம்மதித்தன.

ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"ஆள் ஆர் பிள்ளை?" என்றார் அப்பா.

"ஒரு குடும்பம் அப்பா. மன்னார்ப் பக்கம்."

"அது சரி. எந்தப் பள்ளிக்கூடம்?"

"வீடில்லாத மனுசருக்கு உதவப் பள்ளிக்கூடம் என்னத்துக்கு?"

"உதவுறதுக்கு இல்லை. சும்மா ஒரு அறிவுக்கு."

அன்று மாலையே மாமா தொலைபேசியில் அழைத்தார். அதே கேள்வி. அதே 'சும்மா ஒரு அறிவுக்கு'. கொள்கை அடிப்படையில் இருவருக்கும் பதில் சொல்ல மறுத்தேன். கொள்கைக்கு விளைவு உண்டு என்பதை யாரைவிடவும் நான் அறிந்திருக்க வேண்டும். நான் மறைப்பதால், அவர் எதிர்க் கல்லூரிக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று இரு தரப்பும் தனித்தனியே முடிவுகட்டின.

ஞாயிற்றுக்கிழமை அன்ரன் அண்ணையையும் மனைவியையும் மகளையும் மைதானத்துக்கு அழைத்து வந்து ஓரமாக இருத்திவிட்டு, மத்தியானம் வாளிகளை எட்டிப் பார்த்தேன். சில்லறையால் அடி மூடப்படவில்லை. ஒன்றினுள் யாரோ ரோல்ஸ் சாப்பிட்ட கடதாசியைப் போட்டிருந்தார்கள்.

"உவன் ஊதாப் பெடியனாம்," என்றார் அப்பா. "எங்கட காசில ஊதாவுக்கு வீடோ?"

ஊதாக் கூடாரத்துக்கு ஓடினேன். "பச்சைப் பெடியனெண்டு கேள்வி," என்றார் மாமா. "நீ கொப்பனிட்டையே கேள், பிள்ளை."

எனக்குத் தலைக்கேறியது. குண்டுக்குத் தப்பி வந்தவர்கள், வரிசையில் நின்றவர்கள், இதே ஊரில் இரவல் கோட்டுகளில் முதல் பனிக்காலத்தைக் கழித்தவர்கள் — இவர்கள் ஒரு குழந்தையின் கூரைக்குப் பள்ளிச் சான்றிதழ் கேட்கிறார்கள். அறிவிப்பாளரிடமிருந்து கம்பியில்லாத ஒலிவாங்கியைப் பிடுங்கி, உண்மையை அறிவித்தேன். அன்ரன் அண்ணை இரண்டு கல்லூரிகளிலும் படித்தவர். சண்டையில் இடம்பெயர்ந்து வந்து பச்சையில் சேர்ந்தார். அதன் மாணவர் விடுதியில் இடமில்லாமல் போக, பங்குத்தந்தை அவரை ஊதாவில் சேர்த்துவிட்டார். எங்கே ஒரு கட்டில் இருந்ததோ அங்கே போன பிள்ளை.

மைதானமே என் பக்கம் திரும்பியது. உருகிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"ரெண்டிலையுமோ?" என்றது ஒரு குரல். "அப்ப கட்சி மாறினவன்."

மாமா எழுந்தார். அன்ரன் அண்ணைக்கு முன்னால் வந்து நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நீ இடக்கையோ?"

"ஓம் ஐயா."

"பிக் மட்ச்சில எங்களுக்கு ஆடினனியோ? எல்லைக்கோட்டில நிண்டனியோ?"

"ஓம் ஐயா."

"அது நீதான்," என்றார் மாமா. கொலைகாரனைக் கண்டுபிடித்தவரின் நிதானம் அது.

எங்கள் குடும்பத்தில் அந்தப் பிடியைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. ஊரில் இரு கல்லூரிகளும் ஆண்டுதோறும் மோதும் அந்த பிக் மட்ச்சை இணையத்தில் பார்க்க மாமா விடியுமுன் எழுந்திருந்தார். பச்சையின் கடைசி விக்கெட், பந்து உயரே போனது, கீழே நின்ற ஊதாப் பையன் தவறவிட்டான், பச்சை வென்றது. அந்தப் பையன் முன்பு பச்சையில் படித்தவன் என்று பிறகு தெரியவந்தபோது, ஊதா உலகம் முழுவதும், டொரொன்ரோ முதல் மெல்பேண் வரை, ஒரே தீர்ப்பை எழுதியது.

"வேணுமெண்டுதானே விட்டனி?"

"இல்லை ஐயா. வெய்யில் கண்ணுக்குள்ள."

"வெய்யில் உனக்கு முதுகுப் பக்கம். நான் பார்த்தனான்."

இதற்குள் பச்சைக்காரர்கள் அன்ரன் அண்ணையைத் தோளில் தூக்காத குறை. அப்பா அவரைக் கட்டிப்பிடித்தார். பச்சை வாளிக்குள் தாள்கள் விழத் தொடங்கின. அப்போது அன்ரன் அண்ணை செய்ததை நான் எந்த ஆராய்ச்சியிலும் எதிர்பார்த்திருக்கவில்லை. வாளியின் வாயைக் கையால் மூடினார்.

"நான் வேணுமெண்டு விடேல்லை, அண்ணை. அதுக்குத் தாற காசு எனக்கு வேண்டாம்."

"தம்பி, நாளைக்கு எங்க போவாய்?" என்றார் அப்பா.

"தெரியேல்லை. ஆனா அந்தக் காசு வேண்டாம்."

அவருடைய மனைவி மகளை மடியில் வைத்தபடி புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா தொண்டையைச் செருமினார். ஊதா அணியில் ஒரு பல் மருத்துவர் தொடை பிடித்துக்கொண்டு கிடந்ததால் களத்தில் ஓர் ஆள் குறைந்தது. "அப்ப வா. வந்து ஒரு கட்ச் பிடிச்சுக் காட்டு. பிடிச்சியெண்டா எங்கட வாளி நிரம்பும். அதுக்கு நான் பொறுப்பு."

அன்ரன் அண்ணை அப்போதே காற்சட்டையை மடிக்கத் தொடங்கிவிட்டார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அண்ணை, உங்களைச் சோதிக்க இவைக்கு என்ன உரிமை? இது உங்கட மரியாதை."

"தங்கச்சி, அந்தப் பந்து இண்டைக்கும் என்ர கனவில வருது. என்னை விடுங்கோ. நான் பிடிக்கிறன்."

அங்கே நான் வாயை மூடியிருக்கலாம். சாதாரண அறிவு படைத்த எவரும் மூடியிருப்பார். ஆனால் நான் விளைவுகளைச் சிந்தித்தேன்: ஒரு மனிதனின் வாழ்விடம் அவன் பந்து பிடிக்கும் திறமையில் தங்கியிருக்க விட்டால், நாளை இச்சமூகம் எதில்தான் நிற்கும்? ஒலிவாங்கி இன்னும் என் கையில் இருந்தது.

அன்ரன் அண்ணை ஊதாவுக்காகக் களத்தில் இறங்க, ஆட்டம் மறுபடி தொடங்கியிருந்தது. சனமெல்லாம் கொத்துரொட்டிக் கூடாரத்தின் பக்கம் திரும்பியிருந்ததால், எல்லோருக்கும் முகம் தெரியும்படி எல்லைக் கயிற்றைத் தாண்டி உள்ளே சில அடி நடந்து, ஆடுகளத்துக்கு முதுகு காட்டி நின்றேன். (ஏன் உள்ளே போனாய் என்று கேட்காதவர் இல்லை. வெளியே நின்றால் மேளக்காரர் மறைக்கிறார், அதுதான்.)

"அன்புக்குரிய பெரியோர்களே," என்று தொடங்கினேன். "நாம் அனைவரும் ஒருநாள் கையேந்தி நின்றவர்கள். அன்று எவரும் நம்மிடம் கல்லூரி கேட்கவில்லை."

நல்ல உரை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். சனம் முதலில் கவனிக்கவில்லை. பிறகு ஒருவர் எழுந்தார். இன்னும் பலர் எழுந்தார்கள். கடைசியில் இரு கூடாரங்களும் ஒன்றாக எழுந்து நின்று கைகளை வீசின.

"விலகு! விலகு, பிள்ளை!"

உண்மையைச் சொல்பவரை ஒதுங்கச் சொல்வது அதிகாரத்தின் பழைய வழக்கம் என்று படித்திருந்தேன். நிமிர்ந்து நின்றேன்.

"நான் விலக மாட்டேன்!" என்று ஒலிபெருக்கி அதிரச் சொன்னேன். "நீங்கள் எத்தனை பேர் கத்தினாலும், இந்த இடத்தை விட்டு ஓரடியும் நகர மாட்டேன்."

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு என்னை நோக்கி ஓடி வருவதைக் கண்டேன். அவரும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டாரே என்று மனம் நொந்தேன்.

அண்ணாந்து பார்த்தபடி, பின்னோக்கி, முழு வேகத்தில் ஓடி வந்த அன்ரன் அண்ணை அக்கணத்தில் என் முதுகில் மோதினார். இருவரும் விழுந்தோம். பந்து என் காதுக்குப் பக்கத்தில் குத்தி, சாவகாசமாக உருண்டு, கயிற்றைத் தாண்டியது. என் "ஐயோ அம்மா"வை ஒலிபெருக்கி மைதானம் முழுவதற்கும் விநியோகித்தது.

"தங்கச்சி," என்றார் அன்ரன் அண்ணை, மூச்சு வாங்கியபடி. "அது என்ர கைக்குள்ள வந்தது."

அதன்பின் நடந்த விசாரணை சுருக்கமானது. மாமா என் தலைமாட்டில் வந்து நின்றார். என்னைத் தூக்கிவிடவில்லை.

"இது ஆற்ற மகள்?" என்று சனத்தைப் பார்த்துக் கேட்டார்.

எல்லோருக்கும் தெரியும், யாருடைய மகள் என்று. பச்சைக்காரன் மகள். ஊதாவின் வெற்றிப் பிடியைத் தடுக்க, பச்சை தன் சொந்தப் பிள்ளையையே களத்துக்குள் இறக்கியிருக்கிறது.

"பெடியன் பிடிச்சிருப்பான்," என்றார் மாமா, அன்ரன் அண்ணையின் தோளில் கைவைத்து. "எல்லாரும் பார்த்தனீங்கள். உவள் விழுத்திப்போட்டாள். அண்டைக்கும் இப்பிடி ஏதோ செய்திருப்பாங்கள், வெய்யிலோ என்னவோ."

அதோடு அன்ரன் அண்ணை விடுதலையானார். அவருக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காக ஊதா கொதித்தெழுந்து வாளியை நிரப்பியது. பொய்ப்பழி சுமத்தப்பட்ட பச்சையும் விடவில்லை. "என்ர பிள்ளைக்குக் கிரிக்கெட்டே தெரியாது," என்று அப்பா கத்தினார். "அவளுக்குச் சதி செய்ய எங்க ஏலும்?" என் மானத்தைக் காப்பாற்ற அவர் கண்ட வழி அதுதான். நடுவர் விதிநூலைப் புரட்டிப் பார்த்து, பட்டதாரிகளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்றார். அன்ரன் அண்ணை இம்முறை வாளியை மூடவில்லை. திங்கட்கிழமை காலை சேலைக்கடைக்கு மேலேயுள்ள அறையின் திறப்பு அவர் கைக்கு வந்தது. எந்த வாளி பாரம் என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. கீதம் எவரும் பாடவில்லை.

என் உரையால் ஒரு பென்ஸ்கூடச் சேரவில்லை. இதை நான் மறுபடி மறுபடி யோசித்துப் பார்த்திருக்கிறேன். நீதியைக் கேட்டு அசையாத மனிதர்கள், நான் குப்புறத் தள்ளப்பட்டு மல்லாந்து புரண்டதும் பணப்பையைத் திறந்தார்கள். எந்தப் பாடநூலில் இதை எழுதுவது?

இப்போது ஆண்டுதோறும் நாணயச் சுழற்சிக்கு முன்னால் ஓர் அறிவித்தல் உண்டு: 'பேச விரும்புகிறவர்கள் கயிற்றுக்கு வெளியே நின்று பேசவும்.' வீட்டில் நான் வாடகைச் சட்டத்தைப் பற்றி வாயெடுத்தால் போதும், தம்பி முகட்டைப் பார்ப்பான். "விலகு, அக்கா. பந்து வருது."

போன வருடம் அன்ரன் அண்ணையின் மகளுக்குத் தேவாலயத்தில் முதல் நன்மைச் சடங்கு. வெம்பிளியில் பங்கு மண்டபத்தில் விருந்து. பச்சையும் ஊதாவும் கலந்து இருந்தார்கள். என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அந்தஸ்துக் கிடைத்த குடும்பங்களை வெளியேற்றும் நடைமுறையின் அநீதியைப் பற்றிப் பேசினேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்கக்கூடிய ஒரு வசனமும் அதில் இல்லை. ஆத்திரத்தில் இன்னும் நீட்டிப் பேசினேன், இன்னும் சிரித்தார்கள். படங்கள் வந்த பிறகுதான் விளங்கியது. நான் விரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருக்க, எனக்குப் பின்னால் அன்ரன் அண்ணை அண்ணாந்து பார்த்தபடி, இரண்டு கைகளையும் குவித்து நிற்கிறார்.